ஆவணிக்கு முன்னால் அந்தக் கதவு திறக்குமா?

தண்டையார்பேட்டையிலிருந்து ஒரு பெண் கேட்டிருக்கிறார். வயது 24. வண்ணாரப்பேட்டையில் ஒரு துணிக்கடையில் வேலை. அதே கடையில் பில் போடும் இடத்தில் இருந்த 22 வயதுப் பெண்ணும் இவரும் மூன்று வருடமாக ஒருவரை ஒருவர் விரும்புகிறார்கள். அந்தப் பெண்ணின் வீடு காசிமேட்டில். விஷயம் வீட்டுக்குத் தெரிந்ததும் போனைப் பிடுங்கி, வேலையை நிறுத்தி, 19 நாளாக வாசல் தாண்ட விடவில்லை. ஆடி போகட்டும், ஆவணியில் அத்தை மகனுக்குக் கட்டி வைத்துவிடலாம் என்று பேசி முடித்துவிட்டார்களாம். "நாங்க ரெண்டு பேருமே பொண்ணுங்க. சட்டத்துல எங்களுக்கு இடம் இருக்கா? கல்யாணத்தைப் பதிவு பண்ண முடியுமா? நாலு பசங்களைக் கூட்டிட்டுப் போய் அவளை இட்டாந்துட்டா கேஸ் ஆவுமா?" இதுதான் கேள்வி. வைத்தியம், மந்திரிப்பு என்று அவளைக் கூட்டிப் போய்விடுவார்களோ என்ற பயமும் கடைசி வரியில் இருக்கிறது.

மூன்று கேள்வியாகக் கேட்டிருந்தாலும் உங்கள் மனதில் ஓடுவது ஒன்றுதான் என்று எனக்குப் படுகிறது. அந்தக் கதவு திறக்குமா, திறந்த பிறகு திரும்பவும் யாராவது பூட்டிவிடுவார்களா? முதல் பாதிக்கு என்னால் தைரியமாகப் பதில் சொல்ல முடியும். இரண்டாம் பாதியில் சட்டம் செய்வது கொஞ்சம், நீங்கள் இருவரும் செய்ய வேண்டியது நிறைய.

நான் கொருக்குப்பேட்டையில் பிறந்து வளர்ந்தவள். தம்புச் செட்டித் தெருவில் ஒரு மாடி அறையில் 23 வருடமாக வக்கீல் தொழில் செய்கிறேன். என்னிடம் வருவதில் பெரும்பாலும் குடும்ப வழக்குகள். சாதி மாறி, மதம் மாறி விரும்பியவர்கள் பிராட்வேயில் பஸ் இறங்கி, கையில் ஒரு துணிப்பையோடு மாடிப்படியில் வந்து நிற்பதைப் பல தடவை பார்த்திருக்கிறேன். உங்களைப் போல இரண்டு பெண்கள் வந்த வழக்குகள் என் கையில் ஐந்துதான். அந்த ஐந்தில் மூன்று நல்லபடியாக முடிந்தன. மற்ற இரண்டும் எங்கே கோணின என்று எனக்குத் தெரியும். அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

முதலில் சந்தேகமே இல்லாத விஷயம். அவளுக்கு 18 வயது முடிந்துவிட்டது. யாரோடு இருப்பது, எந்த வீட்டில் இருப்பது, யாரைக் கட்டுவது, கட்டாமலே இருப்பது எல்லாம் அவளுடைய முடிவு. அப்பா, அம்மா, தாய்மாமன், ஊர்ப் பெரியவர்கள் யாருக்கும் அதில் சட்டப்படி ஒரு வார்த்தையும் கிடையாது. நீங்கள் இருவரும் விரும்புவதும் குற்றமில்லை. 2018 செப்டம்பர் 6 அன்று உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் ஒருமனதாக அதைச் சொல்லிவிட்டார்கள். இப்படிப்பட்ட உறவைக் குற்றமாக்கிய பழைய தண்டனைச் சட்டத்தின் 377-ஆவது பிரிவைக் காட்டி இனிமேல் எந்த போலீஸ்காரரும் மனமொத்த இரு பெரியவர்களை மிரட்ட முடியாது. மிரட்டினால் ஏமாற்றுகிறார் என்று அர்த்தம்.

வீட்டில் பூட்டி வைத்திருப்பதுதான் இங்கே குற்றம். பழைய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக 2024 ஜூலை 1-லிருந்து நடப்பில் இருக்கும் பாரதிய நியாய சன்ஹிதாவில் 127-ஆவது பிரிவைப் படித்துப் பாருங்கள். ஒருவரைச் சட்டவிரோதமாக அடைத்து வைத்தால் ஒரு வருடம் வரை தண்டனை. மூன்று நாளோ அதற்கு மேலோ ஆனால் மூன்று வருடம் வரை. பத்து நாளைத் தாண்டினால் ஐந்து வருடம் வரை. அவளுக்கு 19 நாள் ஆகிவிட்டது. உடனே அவள் அப்பாவை ஜெயிலில் போடுங்கள் என்று நான் சொல்லவில்லை. அவளே அதை விரும்ப மாட்டாள். வெளியே வந்த பெண்கள் பலரும் முதலில் கேட்டது, "எங்க அப்பாவ ஒண்ணும் பண்ணிட மாட்டாங்கல்ல?" என்றுதான். ஆனால் ஸ்டேஷனில் "இது குடும்ப விவகாரம், நீ யாரும்மா நடுவுல?" என்று கேட்பார்கள். அப்போது சொல்ல உங்களிடம் ஒரு பதில் இருக்க வேண்டும். அந்தப் பதில் இந்தப் பிரிவு.

அடுத்து, நம் உயர் நீதிமன்றம் சொன்னது. பாரிமுனைப் பக்கம் போனால் கண்ணில் படும் அந்தச் சிவப்புக் கட்டடத்தில்தான் இந்தியாவிலேயே முக்கியமான சில உத்தரவுகள் பிறந்திருக்கின்றன. மதுரையிலிருந்து இரண்டு பெண்கள் சென்னைக்கு வந்துவிட்டார்கள். இரண்டு வீட்டாரும் பெண் காணவில்லை என்று புகார் கொடுத்து, போலீஸ் தேடி வந்தது. பாதுகாப்புக் கேட்டு அவர்கள் போட்ட வழக்கு நீதிபதி ஆனந்த் வெங்கடேஷிடம் வந்தது. தனக்கு இந்த விஷயம் சரியாகப் புரியவில்லை, புரிந்துகொண்ட பிறகுதான் தீர்ப்பு எழுதுவேன் என்று சொல்லி, ஒரு உளவியலாளரிடம் உட்கார்ந்து பேசிவிட்டு வந்து உத்தரவு எழுதினார் அவர். 2021 ஜூன் 7 தேதியிட்ட அந்த உத்தரவு சொல்வது இது: பெண் காணவில்லை என்ற புகாரில் தேடப்படுபவர்கள் உங்களைப் போன்ற மனமொத்த பெரியவர்கள் என்று தெரிந்தால், அவர்களிடம் வாக்குமூலம் வாங்கிக்கொண்டு, எந்தத் தொந்தரவும் செய்யாமல் புகாரை முடித்துவிட வேண்டும். "மாற்றிவிடுகிறேன்" என்று சொல்லி வைத்தியம் பார்ப்பதையும் அதே உத்தரவு தடுத்தது. அதைத் தொடர்ந்து 2022-இல் தமிழ்நாடு காவலர் நடத்தை விதிகளில் 24-சி என்று ஒரு விதியைச் சேர்த்தார்கள். உங்களைப் போன்றவர்களையும் உங்களுக்கு உதவுகிறவர்களையும் போலீஸ் தொல்லை செய்யக்கூடாது என்பதே அந்த விதி. ஒரு ஸ்டேஷனில் இந்த விதியின் நகலை நான் மேஜையில் வைத்தபோது அங்கிருந்த அதிகாரி முதல் தடவையாக அதைப் படித்தார். கோபப்படவில்லை, இரண்டு தடவை படித்தார். அதன் பிறகு "நீங்க" என்று பேச ஆரம்பித்தார். அதனால் நகல் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

உங்கள் நிலைமைக்கு மிக நெருக்கமானது 2025 மே 22 அன்று வந்த உத்தரவு. வேலூர்ப் பக்கத்து வழக்கு. 25 வயதுப் பெண். அவளைப் பலவந்தமாக வீட்டுக்கு இழுத்துப் போய் அடித்திருக்கிறார்கள், "சரியாக்க" ஏதேதோ சடங்கும் செய்திருக்கிறார்கள். அவள் தோழி ஆட்கொணர்வு மனு போட்டார், அதாவது அடைபட்டவரை நீதிமன்றத்தில் கொண்டுவந்து நிறுத்தச் சொல்லும் மனு. நீதிபதிகள் ஜி.ஆர். சுவாமிநாதன், வி. லட்சுமிநாராயணன் இருவரும் அந்தப் பெண்ணிடமே பேசினார்கள். தான் யார், யாரோடு போக விரும்புகிறாள் என்பதை அவள் தெளிவாகச் சொன்னாள். அவளைப் போகவிட்டதோடு, குடும்பத்தார் குறுக்கே வரக்கூடாது என்றும், எப்போது கேட்டாலும் போலீஸ் பாதுகாப்புக் கொடுக்க வேண்டும் என்றும் உத்தரவு போட்டார்கள். குடும்பம் அமைக்கக் கல்யாணம் ஒன்றுதான் வழி என்றில்லை, தாமே தேர்ந்தெடுத்துக்கொள்ளும் குடும்பமும் குடும்பம்தான் என்று அதில் எழுதியிருக்கிறார்கள். அந்தப் பெண்ணின் அம்மாவைப் பற்றியும் அதில் ஒரு வரி வருகிறது, அவர் லீலா சேத் இல்லை என்று. ஓர் உயர் நீதிமன்றத்தின் தலைமை நீதிபதியான முதல் இந்தியப் பெண் லீலா சேத். தன்பாலின ஈர்ப்புள்ள தன் மகனுக்காக வெளிப்படையாக எழுதிய தாய். அந்த மனசு எல்லா அம்மாவுக்கும் வந்துவிடாது என்பதை நீதிபதிகள் பரிவோடுதான் சொல்லியிருக்கிறார்கள்.

ஆக உங்களுக்கும் வழி அதுதான். ஆட்கொணர்வு மனு. அரசியல் சாசனத்தின் 226-ஆவது பிரிவின் கீழ் உயர் நீதிமன்றத்தில் போடுவது. அடைபட்டவருக்கு ரத்த உறவாக இருக்க வேண்டியதில்லை, தோழியும் போடலாம். மனுவுக்கு முன் ஒரு எழுத்துப் புகார் கட்டாயம் வேண்டும். அவள் வீடு எந்த ஸ்டேஷன் எல்லையோ அங்கே ஒன்று, வேப்பேரியில் கமிஷனர் அலுவலகத்துக்குப் பதிவுத் தபாலில் ஒன்று. ஸ்டேஷனில் வாங்க மறுத்தாலும் தபால் ரசீது உங்கள் கையில் இருக்கும். மனு வந்ததும் அவளைக் கொண்டுவந்து நிறுத்தச் சொல்லி நீதிமன்றம் போலீசுக்குச் சொல்லும். மாஜிஸ்ட்ரேட்டிடம் தேடுதல் வாரண்ட் கேட்கும் வழியும் ஒன்று இருக்கிறது. இருந்தாலும் மேலே சொன்ன உத்தரவுகளெல்லாம் உயர் நீதிமன்றத்திலேயே பிறந்தவை, அதனால் நான் அங்கேதான் போவேன். காசைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம். 1987-ஆம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணையச் சட்டப்படி பெண் என்றாலே இலவச வக்கீல் கிடைப்பார், வருமானக் கணக்கெல்லாம் கேட்கக் கூடாது. உயர் நீதிமன்ற வளாகத்துக்குள்ளேயே அதற்கான அலுவலகம் இருக்கிறது. 15100 என்ற எண்ணில் கூப்பிட்டும் கேட்கலாம்.

இதுவரை சொன்னது சட்டம். வழக்கு உண்மையில் நிற்பது வேறோர் இடத்தில். நீதிபதி அவளைத் தனியாகக் கூப்பிட்டு, "நீ எங்கேம்மா போகணும்?" என்று கேட்பார். அந்தச் சில நிமிடங்களில் அவள் வாயிலிருந்து என்ன வருகிறதோ அதுதான் வழக்கு. உங்கள் போட்டோக்கள், மூன்று வருடத்து வாட்ஸ்அப், என் வாதம் எல்லாம் அதற்குப் பின்னால்தான்.

இதை ஏன் அழுத்திச் சொல்கிறேன் என்றால், 2024 மார்ச் 11 அன்று உச்ச நீதிமன்றம் கேரளத்து வழக்கு ஒன்றில் எல்லா உயர் நீதிமன்றங்களுக்கும் வழிமுறை வகுத்துக் கொடுத்தது. இப்படிப்பட்ட மனுக்களை முன்னுரிமை கொடுத்து எடுக்க வேண்டும், அந்தப் பெண்ணைக் குடும்பத்தார் பக்கத்தில் இல்லாமல் தனியே பார்த்துப் பேச வேண்டும், கவுன்சலிங் என்ற பெயரில் அவள் மனதை மாற்றப் பார்க்கக் கூடாது, போகிறேன் என்றால் உடனே விட வேண்டும் என்றெல்லாம் அதில் இருக்கிறது. நமக்கு மிகவும் வேண்டிய உத்தரவு அது. ஆனால் அந்த வழக்கின் பெண்ணே, பெற்றோரோடு இருக்கிறேன் என்றுதான் சொன்னாள். அவள் சொன்னதை நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது. எல்லோருக்கும் வழி திறந்துவிட்ட வழக்கில், வழக்குப் போட்ட தோழி வெறுங்கையோடு திரும்பினாள்.

எனக்கும் அப்படி ஒன்று நடந்தது. பல வருடம் ஆகிறது, ஊர் பேர் வேண்டாம். 21 வயதுப் பெண். நீதிமன்றத்துக்கு வந்த அன்று காலை அவள் ஆயா நெஞ்சைப் பிடித்துக்கொண்டு படுத்துவிட்டதாக வழியெல்லாம் சொல்லிக்கொண்டே கூட்டி வந்திருக்கிறார்கள். வராண்டாவில் அவள் அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு, "நீயும் பொம்பளதானே வக்கீலம்மா, எம் பொண்ணு மேல காத்து கருப்பு அண்டிகிச்சு, உனக்குத் தெரியலயா?" என்று அழுதார். நடிப்பு இல்லை, நிஜமாக நம்பி அழுதார். உள்ளே போன பெண் மூன்றே நிமிடத்தில் வெளியே வந்தாள். அம்மாவோடு போகிறேன் என்று சொல்லிவிட்டாள். என் கட்சிக்காரப் பெண்ணை அவள் நிமிர்ந்து பார்க்கவே இல்லை. தப்பு எங்கே என்று அன்று இரவெல்லாம் யோசித்தேன். நாங்கள் மனுவைத் தயார் செய்தோம். அவளைத் தயார் செய்யவில்லை. அவளிடம் ஒரு செய்தி சேர்க்கக்கூட முயற்சி எடுக்கவில்லை. உள்ளே என்ன கேட்பார்கள் என்று அவளுக்குத் தெரியாது. அப்பாவைக் கைது செய்துவிடுவார்கள் என்று வீட்டில் சொல்லி வைத்திருந்தார்கள். இல்லை என்று சொல்ல ஆளில்லை. அங்கிருந்து வெளியே வந்தால் எங்கே தூங்குவது என்றும் தெரியாது. அந்த நிலையில் நானாக இருந்தாலும் அம்மா பின்னாலேயே போயிருப்பேன்.

அதனால் உங்கள் முதல் வேலை அவள் வீட்டுக்குள் ஒரு ஆளைத் தேடுவது. அப்படி ஒருவர் இல்லாத வீடு கிடையாது. சித்தி, கல்யாணமாகிப் போன அக்கா, பக்கத்துப் போர்ஷன் பெண், ஏலத்தில் மீன் எடுத்துக் கூடையோடு தெருத்தெருவாகப் போகும் அத்தை. நம் பக்கத்து வீடுகளில் சுவரும் கதவும் பேருக்குத்தான். குழாயடியிலும் லாரித் தண்ணீருக்கு நிற்கும் வரிசையிலும் எல்லாம் எல்லோருக்கும் தெரிந்துவிடும். உங்களைக் காட்டிக்கொடுத்ததும் அந்த வரிசையாகத்தான் இருக்கும். அதே வரிசையில்தான் "பாவம், அந்தப் பொண்ண ஏன் இப்படிப் போட்டு அடிக்கிறாங்க" என்று சொல்லும் ஒருத்தியும் நிற்பாள். அவளைக் கண்டுபிடியுங்கள். அவள் மூலம் மூன்று விஷயம் போய்ச் சேர வேண்டும்: உன்னைத் தனியாகத்தான் கேட்பார்கள், உன் அப்பாவை ஜெயிலில் போடுவது எங்கள் நோக்கம் இல்லை, வெளியே வந்தால் தங்க இடம் தயாராக இருக்கிறது. பதிலுக்கு அவள் கையால் எழுதிய ஒரு கடிதம் வர வேண்டும். "நான் என் விருப்பத்துக்கு எதிராக இங்கே அடைத்து வைக்கப்பட்டிருக்கிறேன், எனக்கு இந்தக் கல்யாணத்தில் சம்மதம் இல்லை," கீழே கையெழுத்து, தேதி. வெள்ளைத்தாள் கிடைக்காவிட்டால் காலண்டர் தாளின் பின்பக்கம் போதும். நான் நடத்திய ஒரு வழக்கில் அப்படி வந்த ஒரு காலண்டர் தாள்தான் எல்லாவற்றையும் மாற்றியது.

நாலு பசங்களைக் கூட்டிக்கொண்டு போகும் எண்ணத்தை இன்றே விட்டுவிடுங்கள். அந்த வாசலில் நீங்கள் ஆண்களோடு போய் நின்ற நிமிடத்திலிருந்து இது கடத்தல் கதையாகிவிடும். இப்போது அவர்கள் பக்கம் இருக்கும் குற்றம் உங்கள் தலைக்கு வந்துவிடும். கைகலப்பு ஆனால் அந்தப் பசங்களின் பேரும் எஃப்.ஐ.ஆரில் ஏறும். வடசென்னைப் பையன் என்றாலே எப்படி எழுதுவார்கள் என்று உங்களுக்கே தெரியும். அவள் தானாக நடந்து வெளியே வரும் சந்தர்ப்பம் கிடைத்தால் அது வேறு விஷயம், அவள் வரலாம், அது அவள் உரிமை. அப்படி வந்தால் அன்றே ஒரு வக்கீலோடு போய், தன் விருப்பப்படி வந்திருக்கிறேன் என்று கமிஷனர் அலுவலகத்தில் எழுதிக் கொடுத்துவிட வேண்டும். வரும்போது ஒரு குந்துமணித் தங்கமும் உடம்பில் இருக்கக் கூடாது. கம்மல், மூக்குத்தி, கொலுசு எல்லாவற்றையும் கழற்றி வீட்டிலேயே வைத்துவிட்டு, வைத்ததை ஒரு போட்டோ எடுக்க முடிந்தால் எடுக்கட்டும். எடுத்துக்கொண்டு போகாத பத்துப் பவுனுக்குத் திருட்டுப் புகார் வருவது இந்த வழக்குகளில் நான் திரும்பத் திரும்பப் பார்ப்பது. மகளைத் திருடி என்று சொல்ல மனமில்லாத பெற்றோரும் அந்தப் புகாரில் உங்கள் பெயரைப் போட்டுவிடுவார்கள்.

அவள் வயதுக்கு ஆதாரம் வேண்டும். ஆதார் அட்டையில் இருக்கும் பிறந்த தேதியைப் பிறந்த தேதிக்குச் சாட்சியாக நம்ப வேண்டாம். பத்தாம் வகுப்பு மதிப்பெண் பட்டியல், மாற்றுச் சான்றிதழ், பிறப்புச் சான்றிதழ் இவைதான் நிற்கும். அசல் வீட்டில் மாட்டிக்கொண்டாலும் பரவாயில்லை. சென்னை மாநகராட்சியின் பிறப்புச் சான்றிதழை இணையத்திலேயே இறக்கிக்கொள்ளலாம். கடையில் வேலைக்குச் சேர்ந்தபோது அவள் கொடுத்த நகல்கள் அங்கேயே இருக்கலாம், விசாரியுங்கள். உங்கள் பேச்சுகளைப் பத்திரமாக வேறோர் இடத்தில் சேமித்துவிட்டு, போனில் பூட்டு போட்டு வையுங்கள். நீங்கள் எழுதி அனுப்பிய கேள்வியில் தெருப்பெயர் இருக்கிறது. அதை நீக்கிவிடுங்கள். அவள் அண்ணன் கண்ணிலும் படலாம்.

கல்யாணப் பதிவு பற்றிக் கேட்டீர்கள். முடியாது. 2023 அக்டோபர் 17 அன்று உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு, தன்பாலினத்தவர் திருமணத்துக்கு அடிப்படை உரிமை என்று ஒன்று இல்லை, அதைச் சட்டமன்றங்கள்தான் செய்ய வேண்டும் என்று சொல்லிவிட்டது. மறு ஆய்வு மனுக்களும் 2025 ஜனவரியில் தள்ளுபடியாகிவிட்டன. யாராவது கோயிலில் மாலை மாற்றி வைத்து, சான்றிதழ் வாங்கித் தருகிறேன், இவ்வளவு ஆகும் என்று சொன்னால் பணத்தைக் கொடுக்காதீர்கள். மாலை மாற்றிக்கொள்வது உங்கள் சந்தோஷம், செய்துகொள்ளுங்கள். அதற்குச் சட்டத்தில் எடை இல்லை. உங்களில் ஒருவர் திருநங்கையாகவோ திருநம்பியாகவோ இருந்து ஆண், பெண் என்று கல்யாணம் செய்துகொள்வதானால் கதை வேறு. அதை 2019-இலேயே நம் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை ஏற்றிருக்கிறது, உச்ச நீதிமன்றமும் உறுதி செய்திருக்கிறது. உங்கள் கேள்வியில் அப்படி எதுவும் இல்லை.

கல்யாணம் இல்லாமல் எப்படிப் பாதுகாத்துக்கொள்வது? கொஞ்சம் கொஞ்சமாகக் காகிதத்தில் கட்டிக்கொண்டு வர வேண்டும். இருவரும் சேர்ந்து வங்கிக் கணக்குத் தொடங்கலாம், ஒருவரை ஒருவர் நாமினியாகப் போடலாம், இதற்குத் தடை இல்லை என்று மத்திய நிதித்துறை 2024 ஆகஸ்டில் அறிவித்தது. ரேஷன் கார்டில் ஒரே குடும்பமாகக் கருதலாம் என்றும் மாநிலங்களுக்குச் சொல்லியிருக்கிறார்கள். நம் வட்டாரத்து ரேஷன் அலுவலகத்தில் அதைச் சொல்லிப் புரியவைக்க இரண்டு மூன்று நடை ஆகும், அது வேறு. வீட்டு வாடகை ஒப்பந்தத்தில் இரண்டு பேர் பெயரும் வரட்டும். உயில் எழுதிவிடுங்கள், சின்ன வயதுதானே என்று விடாதீர்கள். உயில் இல்லாமல் இந்துப் பெண் ஒருத்தி இறந்தால், கணவனும் பிள்ளையும் இல்லாத நிலையில் அவள் சம்பாதித்தது பெற்றோருக்குப் போகும். அதாவது அவளைப் பூட்டி வைத்தவர்களுக்கே போகும். வெள்ளைத்தாளில் எழுதி, எழுதியவரும் இரண்டு சாட்சியும் கையெழுத்துப் போட்டாலே உயில் செல்லும். உயிலால் சொத்துப் பெறுபவர் சாட்சியாக நிற்காமல் இருப்பது நல்லது, அவ்வளவுதான். இப்படிச் சேர்ந்து வாழ்பவர்கள் குடும்பப் பிணைப்புப் பத்திரம் என்று ஒன்றைப் பதிவு செய்ய வழி செய்யலாமே என்று நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ் 2023-இல் அரசைக் கேட்டிருந்தார். நல்ல யோசனை. ஆனால் அதை நம்பி இப்போது எதையும் திட்டமிடாதீர்கள்.

அவளை வைத்தியத்துக்கோ மந்திரிக்கவோ கூட்டிப் போவார்கள் என்ற பயம் உங்கள் கடைசி வரியில் தெரிகிறது. நியாயமான பயம். 2017-ஆம் ஆண்டின் மனநலப் பாதுகாப்புச் சட்டம், ஊர் வழக்கத்துக்கும் நம்பிக்கைக்கும் ஒத்துவரவில்லை என்பதை வைத்து ஒருவரை மனநோயாளி என்று சொல்லக் கூடாது என்கிறது. "மாற்றிவிடுகிறேன்" என்று வைத்தியம் பார்க்கும் டாக்டரின் செயல் தொழில் ஒழுங்கீனம் என்று தேசிய மருத்துவ ஆணையமும் 2022-இல் சொல்லிவிட்டது. நல்ல மனநல மருத்துவர் அவளைப் பார்த்தால் அவள் பக்கம் ஒரு சாட்சி கூடும். பயப்பட வேண்டியது வேப்பிலைக்கும் பிரம்புக்கும்தான். அடி விழுகிறது என்று செய்தி வந்தால் மனுவுக்குக் காத்திருக்காமல் உடனே பெண்கள் உதவி எண் 181-க்கோ அவசர எண் 112-க்கோ கூப்பிடுங்கள். குடும்ப வன்முறைச் சட்டம் புருஷன் வீட்டுக்கு மட்டும் என்று எல்லோரும் நினைக்கிறார்கள். 2005-ஆம் ஆண்டின் அந்தச் சட்டம் பிறந்த வீட்டுக்கும் பொருந்தும். மகள் தன் அப்பா, அண்ணன் மேல் பாதுகாப்பு உத்தரவு கேட்கலாம்.

ஒருவேளை எல்லாவற்றையும் மீறி ஆவணியில் தாலி கட்டிவிட்டால்? அதோடு முடிந்துவிட்டது என்று நினைக்காதீர்கள். பலவந்தமாகச் சம்மதம் வாங்கிய கல்யாணத்தை இந்து திருமணச் சட்டம் 12-ஆவது பிரிவின் கீழ் செல்லாது என்று அறிவிக்கக் கேட்கலாம். பலவந்தம் நீங்கிய ஒரு வருடத்துக்குள் கேட்க வேண்டும், அதற்கிடையில் அவள் மனமொத்து அவனோடு வாழ்ந்திருக்கக் கூடாது. நீதிமன்றத்தில் நிற்கும் வழிதான். ஆனால் அதற்குள் அந்த உடம்பு என்ன பாடு படும் என்பதை எந்தப் பிரிவும் ஈடு செய்யாது. "கல்யாணம் பண்ணி வெச்சா எல்லாம் சரியாப்பூடும்" என்று சொல்லும் ஒவ்வொரு பெற்றோரிடமும் நான் கேட்பது ஒன்றுதான்: அந்த முதல் இரவு அவளுக்கு என்ன என்று யோசித்தீர்களா? பெரும்பாலான அப்பாக்கள் தலையைக் குனிந்துகொள்வார்கள். ஒருவர் எழுந்து போய், மறுநாள் வந்து, கல்யாணத்தை நிறுத்திவிட்டேன் என்றார். அந்த அத்தை மகனுக்கும் இது அநியாயம்தான். முடிந்தால் அவனுக்கும் விஷயம் தெரிய வேண்டும். ஆனால் அதைச் சொல்ல வேண்டியவள் அவள், நீங்கள் போய்ச் சொல்லாதீர்கள். அவள் யார் என்பதை அவளைக் கேட்காமல் வெளியே சொல்ல உங்களுக்கும் உரிமை இல்லை.

என்னால் உறுதியாகச் சொல்ல முடியாதவையும் உண்டு. ஸ்டேஷனில் யார் உட்கார்ந்திருக்கிறார், மனு எந்த அமர்வுக்குப் போகிறது, எத்தனை நாளில் அவளைக் கொண்டுவருவார்கள் என்பதெல்லாம் ஒவ்வொரு வழக்கிலும் மாறும். பெற்றோர் அவளை ஊருக்கு வெளியே உறவுக்காரர் வீட்டுக்கு மாற்றிவிட்டால் தாமதமாகும், அதனால்தான் அவசரப்படுத்துகிறேன். எல்லாவற்றுக்கும் மேலாக, அவள் இப்போது என்ன நினைக்கிறாள் என்பது எனக்குத் தெரியாது, உங்களுக்கும் தெரியாது. 19 நாள் நீண்ட காலம். அடி, அழுகை, சாமி சத்தியம் எல்லாம் சேர்ந்து ஒருத்தியைக் கரைத்துவிடும். அவள் அங்கேயே இருக்கிறேன் என்று தனியறையில் சொல்லிவிட்டால், அதையும் நீங்கள் மதிக்க வேண்டியிருக்கும். கசப்புதான். ஆனால் அவள் வாக்குக்குத்தான் மதிப்பு என்று நாம் கேட்கும் வழக்கு இது.

வந்த பிறகு எங்கே இருப்பது? உங்கள் அம்மாவுக்கு எல்லாம் தெரியும், ஒன்றும் பேசாமல் இரண்டு பேருக்கும் சேர்த்துச் சோறு போடுவார் என்று எழுதியிருந்தீர்கள். அதைப் படித்துச் சந்தோஷப்பட்டேன். ஆனாலும் முதல் சில வாரம் தண்டையார்பேட்டை வேண்டாம். காசிமேட்டுக்கும் உங்கள் தெருவுக்கும் ஷேர் ஆட்டோவில் பத்து நிமிடம். வன்முறைக்கு ஆளான பெண்களுக்காக அரசு நடத்தும் ஒருங்கிணைந்த சேவை மையத்தில் சில நாள் தங்கலாம், 181-இல் கேட்டால் வழி சொல்வார்கள். பிறகு அரசின் தோழி விடுதி மாதிரி வேலைக்குப் போகும் பெண்கள் விடுதி எதிலாவது இருவரும் இடம் பார்க்கலாம். வேலையை விட்டுவிடாதீர்கள். நல்லபடியாக முடிந்த மூன்றிலும் பொதுவாக இருந்தது ஒன்றுதான், இருவர் கையிலும் மாதச் சம்பளம் இருந்தது. அதில் ஒரு ஜோடி ஒன்பது வருடமாக ஒரே வீட்டில் இருக்கிறார்கள். ஒருத்தியின் அம்மா நான்காம் வருடத்தில் ஒரு நாள் வஞ்சிரக் குழம்போடு வந்து நின்றாராம். உள்ளே வரவில்லை, தூக்குவாளியை வாசலில் வைத்துவிட்டுப் போய்விட்டார். அடுத்த வாரம் தூக்குவாளியை வாங்கிப் போக வந்தார்.

இன்று தேதி பார்த்தேன், ஆடி முடிய இன்னும் 16 நாள் இருக்கிறது. நாளைக் காலையிலேயே அந்த மீன்காரப் பெண்மணியையோ சித்தியையோ பாருங்கள். புகாரை எழுதி இரண்டு நகல் எடுத்து, தபாலில் ஒன்றை அனுப்பி ரசீதைப் பத்திரப்படுத்துங்கள். அவள் கையெழுத்தில் ஒரு வரி வந்துவிட்டால் அதையும் எடுத்துக்கொண்டு வாருங்கள். வராவிட்டாலும் வாருங்கள். கோர்ட் முடிந்து ஐந்தரை மணிக்கு மேல் மாடியில் விளக்கு எரியும். எனக்குத் தனியாகச் செய்தி அனுப்புங்கள், கதவு எண் சொல்கிறேன்.